எங்கட பாலத்தை உடைக்கிறதோ, திருத்திறதோ

போன ஞாயிறு விடியக்காலமை பெரியப்பாவும் நானும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழ இறங்கினம். ஆறு வத்திட்டுது, நடுவில மட்டும் கணுக்காலளவு தண்ணி, மிச்சமெல்லாம் காய்ஞ்சு வெடிச்ச களி. பெரியப்பான்ர கையில ஒரு சின்னச் சுத்தியல். அவர் 40 வருசத்துக்கு மேல மேசன் வேலை செய்த மனுசன், இப்ப முழங்கால் நோவு, எண்டாலும் நான் வேண்டாமெண்டு சொல்லச் சொல்லக் கேளாமல் இறங்கி, பாலத்தட்டின்ர அடிப்பக்கத்தைக் கரையில இருந்து தட்டிக்கொண்டு வந்தார். கரைப்பக்கம் ணங் ணங் எண்டு கேட்டுது. நடுவுக்கு வர வர சத்தம் மாறி, பழுத்த பிலாப்பழத்தில தட்டின மாதிரி பொதுக் பொதுக் எண்டு கேக்கத் தொடங்கிட்டுது. "கேட்டியே மோனை, உள்ளுக்கை விட்டுட்டுது" எண்டார். இன்னொருக்கால் தட்ட, உள்ளங்கையளவு பொருக்கு ஒண்டு கழண்டு என்ர தோளில விழுந்துது. எடுத்துப் பாத்தன். ஒரு பக்கம் சீமெந்து, மற்றப் பக்கம் கம்பியின்ர அச்சு அப்பிடியே பதிஞ்சு செம்மண் நிறத்தில கறள். மேல அண்ணாந்து பாத்தால் அரை இஞ்சிக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில இலை இலையாய் உரியிற கறள், விரலால கிள்ளினாலே கையோட வருது.

இந்தப் பாலத்தால நான் எத்தினை ஆயிரம் தரம் போய் வந்திருப்பன் எண்டு தெரியாது, கீழ இறங்கி ஆறுதலாய்ப் பாத்தது இதுதான் முதல் தரம்.

ஊர்ப் பேரை விடுவம். வழுக்கியாற்றுக்குக் குறுக்கால, அராலிப் பக்கம் கடலுக்குக் கிட்ட வாற பகுதியில இருக்கிற ஒரு சின்னப் பாலம். வெளியூர் ஆக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேணும், எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில ஆறெண்டு சொல்லக்கூடியது இது ஒண்டுதான், அதுவும் வருசம் முழுக்க ஓடாது. முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு நிலம், பெய்யிற மழையில கனக்க நிலத்துக்குள்ள இறங்கிடும், மிச்சத்தைக் கொண்டுபோற வழிதான் வழுக்கியாறு. தெல்லிப்பழைப் பக்கத்தில தொடங்கி வயலும் குளமும் தாண்டி அராலியில கடல்நீரேரியோட சேருது. கோடையில பாத்தால் மாடு மேயிற தரவை மாதிரிக் கிடக்கும், "இதுக்கு ஏன் பாலம்" எண்டு ஆரும் கேப்பினம். ஐப்பசி கார்த்திகையில வந்து நிண்டு பாக்கவேணும்.

பாலத்துக்கு ரண்டு கண். ஒவ்வொரு கண்ணும் 12 அடி அகலம், படுகையில இருந்து தட்டு வரைக்கும் 6 அடி உயரம். கரைச் சுவர் ரண்டும் நடுத்தூணும் பொழிகல்லால கட்டினது, அது எப்ப கட்டினதெண்டு பெரியப்பாக்கே தெரியாது, அவற்ற அப்பு காலத்துக்கு முந்தினது. அதுக்கு மேல முந்தி மரப்பாலம்தான் இருந்ததாம். பெரியப்பா சின்னப் பெடியனாய் இருக்கேக்கதான் மரத்தை எடுத்துப்போட்டுக் கம்பி கட்டிக் கொங்கிறீட் தட்டுப் போட்டிருக்கினம், அப்ப ஒரு 70 வருசம் வரும். இதை ஏன் இவ்வளவு விபரமாய்ச் சொல்லுறன் எண்டால், எல்லாரும் "பாலம் பழசு, பாலம் பழசு" எண்டுதான் சொல்லுகினம், ஆனால் உண்மையில அது ஒரு பாலமில்லை, ரண்டு வயசுள்ள ரண்டு பொருள். கால் ஒரு வயசு, தட்டு ஒரு வயசு. கூடப் பழசான காலில ஒரு கல்லுக்கூட இன்னும் விலகேல்லை. வயசு குறைஞ்ச தட்டுத்தான் செத்துக்கொண்டிருக்கு.

தட்டின்ர கதையும் எங்கட ஊரின்ர கதைதான். 90களில பொருளாதாரத் தடை, சீமெந்து கண்ணால காணேலாது, அந்த நேரம் தட்டின்ர ஒரு ஓரம் உடைஞ்சு விழ, பனங்குத்தி நாலைப் போட்டு அதுக்கு மேல கல்லும் மண்ணும் போட்டுத்தான் வருசக்கணக்காய்ச் சனம் போய் வந்தது. நான் அந்தக் குத்தியளுக்கு மேலாலதான் பள்ளிக்கூடம் போனனான், சைக்கிளில இருந்து இறங்கி உருட்டிக்கொண்டு. பிறகு 2002இல சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டுத் திறந்து சீமெந்து வரத் தொடங்கின கையோட அடுத்த வருசமே ஊர் ஆக்கள் காசு சேர்த்து ஓரத்தைக் கட்டி, அடிப்பக்கம் வெடிச்ச இடமெல்லாம் பூசினவை. பூசின மேசன்மாரில பெரியப்பாவும் ஒராள். அண்டைக்குக் கீழ நிண்டு அந்தப் பூச்சைப் பாத்துக்கொண்டு சொன்னார், "கறளை வடிவாய்த் தேய்ச்சு எடுக்காமல் மேலால பூசிப்போட்டம் மோனை, கம்பிக்குப் பின்னால விரல் போறளவுக்குக் கொத்தி எடுத்திருக்கவேணும், அப்ப எங்களுக்கு அது தெரியாது." அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் மனசுக்குள்ள நிக்குது. அவையில பிழையில்லை. அந்த நேரத்தில கையில இருந்ததை வைச்சு ஊருக்கு ஒரு வழி செய்து குடுத்தவை, அதாலதான் பஸ் இல்லாத எங்கட ஊருக்கு இருபது வருசத்துக்கு மேல ஓட்டோவும் ரக்ரரும் வந்து போகுது.

இனிப் பிரச்சினைக்கு வாறன். 2025 கார்த்திகைக் கடைசியில டிட்வா புயல் அடிச்சு நாடு முழுக்க எத்தினையோ பாலம் போனது எல்லாருக்கும் தெரியும். எங்கட பாலம் நிண்டுது. ஆனால் தண்ணி தட்டுக்கு அஞ்சு இஞ்சி கீழ வரைக்கும் வந்திருக்கு, வைக்கோலும் பனையோலைத் துண்டும் அந்த உயரத்தில இன்னும் சுவரில ஒட்டிக்கொண்டு கிடக்குது. அந்த வெள்ளம் வத்தின பிறகு தட்டுக்கு நடுவில ஒரு பொத்தல் விழுந்திட்டுது, மேல நிண்டு பாத்தால் கீழ தண்ணி தெரியும். அதுக்கு மேல ஒரு இரும்புத் தகடு போட்டிருக்கு, மோட்டச்சைக்கிள் போனாலே கடகட எண்டு சத்தம்.

மார்கழியில ஒரு இரவு அம்மாக்கு நெஞ்சு நோ. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சம், அவை வந்தவை, பாலத்துக்கு அங்கால பக்கத்தில வண்டியை நிப்பாட்டிப்போட்டு டிறைவர் தம்பி இறங்கி வந்து ரோச்சடிச்சுப் பொத்தலைப் பாத்தார். "அண்ணை, இதுக்கு மேல ஏத்த எனக்கு மனமில்லை" எண்டார். அவர் செய்தது முழுக்கச் சரி, நான் அந்த இடத்தில இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன். அம்மாவைப் பிளாஸ்ரிக் கதிரையில இருத்தி நானும் பக்கத்து வீட்டு அண்ணையும் தூறல் மழைக்குள்ள தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினம். 30 அடிகூட இல்லை, ஆனால் அந்தத் தகட்டுக்கு மேல கால் வைக்கேக்க எனக்கு நெஞ்சு அடிச்ச அடி. அம்மா இப்ப சுகம். அண்டைக்கு இரவு முடிவெடுத்தனான், இந்தப் பாலத்தைப் பற்றி முழுசாய் விளங்கிக்கொண்டுதான் மற்ற வேலை எண்டு.

தைப் போயாவுக்கு சனசமூக நிலையத்தில கூட்டம் வைச்சம். அறுபது எழுபது பேர் வந்திருப்பினம், கனகாலத்துக்குப் பிறகு அவ்வளவு சனம். கதையள் மூண்டு பக்கமாய்ப் பிரிஞ்சுது. கமக்காரர் அமைப்பு ஐயாவும் வயல்காரரும் "திருத்தினால் காணும், அறுவடைக்கு முந்தி ரண்டு மூடை சீமெந்தைப் போட்டு அடைச்சு விடுங்கோ" எண்டினம். இளம் பெடியள் "உடைச்சுப்போட்டுப் புதுசாய் ரண்டு வாகனம் விலத்தக்கூடிய பாலம் வேணும், எத்தினை நாளைக்கு ஒட்டுப் போடுறது" எண்டினம். வெளிநாட்டில இருக்கிற ஊர் ஆக்கள் சார்பில கதைச்ச ஒரு அண்ணை, "காசு நாங்கள் போடுறம், உடைச்சுப்போட்டு நாலு கியூம் பைப்பை, அதுதான் வட்டக் கொங்கிறீட் குழாயை, வைச்சு மேல மண்ணைப் போட்டுக் கொங்கிறீட் றோட்டு அடிச்சு விட்டால் ஒரு மாசத்தில முடிஞ்சுது" எண்டார். கை தட்டினவை கன பேர். அவர் நல்ல மனசோடதான் சொன்னார், அதில எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிய பயம் வந்தது அந்தக் கதையைக் கேட்டுத்தான்.

ஏனெண்டு கணக்குப் பாருங்கோ. இப்ப இருக்கிற ரண்டு கண்ணும் சேர்ந்து தண்ணி போறதுக்கு உள்ள வழி, 12ஐ 6ஆல பெருக்கி ரண்டு மடங்கு, 144 சதுர அடி. மூண்டு அடி விட்டமுள்ள ஒரு பைப்பின்ர வாய் 7 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட, நாலு பைப்புக்கும் 28 சதுர அடி. அஞ்சில ஒரு பங்கு. டிட்வா மழைக்கு 144இலயும் அஞ்சு இஞ்சிதான் மிச்சம் இருந்தது எண்டு அந்த வைக்கோல் சாட்சி சொல்லுது. அதுக்குள்ள ஆகாயத்தாமரையும் பனங்கொக்கறையும் சோடாப் போத்தலும் வந்து பைப்பின்ர வாயில அடைச்சால் என்ன மிஞ்சும்? மேல் பக்கத்து வயல் முழுக்கக் குளம், தண்ணி றோட்டுக்கு மேலால பாய்ஞ்சு பைப்புக்குப் பக்கத்து மண்ணை அரிச்சு ஒரே இரவில றோட்டையும் கொண்டு போகும். நான் சும்மா பயப்பிடுத்தேல்லை, இஞ்ச பக்கத்து ஊருகளிலயே மதகை எடுத்துப்போட்டுச் சின்னப் பைப் வைச்ச இடங்களில மாரிக்கு மாரி வீட்டு முத்தத்தில தண்ணி நிக்கிறதை நாங்கள் கண்ணால பாக்கிறம் தானே. 2008 நிஷா புயல் வெள்ளத்தை மறந்த ஆக்கள் இருக்கேலாது. அண்டைக்குக் கூட்டத்தில நான் இந்தக் கணக்கைக் கரும்பலகையில எழுதிக் காட்டின பிறகு அந்த அண்ணையே எழும்பி, "தம்பி சொல்லுறது சரி, நான் தண்ணியை யோசிக்கேல்லை" எண்டார். அதுக்கு ஒரு பெருந்தன்மை வேணும்.

அப்ப திருத்தலாமே, அதுதான் மலிவு தானே எண்டு கேட்டால், அதுக்குத்தான் கீழ இறங்கினது. என்ர அக்கான்ர மகள் அறிவியல்நகரில எங்கட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடத்தில படிக்கிறாள், அவளை வரச்சொல்லி இருந்தன். அவள் ஒரு சின்னப் போத்தலில பினோத்தலீன், காரம் இருந்தால் ரோஸாகிற கரைசல், கொண்டு வந்தவள். தட்டின்ர அடியில புதுசாய்க் கொத்தின இடத்தில தெளிச்சாள். வெளிப்பக்கம் ஒரு இஞ்சிக்கு நிறம் மாறேல்லை, அதுக்கு உள்ளுக்கு நல்ல ரோஸ் நிறம் வந்துது. பெரியப்பா "நல்லது தானே" எண்டு கேக்க, அவள் விளங்கப்படுத்தினாள்: கொங்கிறீட் நல்ல காரத்தன்மையோட இருக்கும் வரைக்கும் கம்பியைச் சுத்தி ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும், கறள் பிடிக்காது, காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளுக்கு இறங்கிக் காரத்தைக் குறைச்சால்தான் ரோஸ் வராது. "ஆனால் அப்பு, ரோஸ் வந்த இடத்துக்குள்ள இருக்கிற கம்பியும் கறள் தானே, அப்ப இது காத்தால வந்த கறள் இல்லை, உப்பு." உப்பில இருக்கிற குளோரைட்டு, காரம் இருந்தாலும் அந்தப் படலத்தை உடைச்சுப்போடும். பிறகு இன்னொரு துண்டில வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டுப் பாக்க வெள்ளையாய்ப் படிஞ்சுது, உப்பு இருக்கெண்டதுக்கு அது அடையாளம்.

உப்பு எங்கால வந்தது? ஒண்டு, சோளகக் காத்தோட கடல்நீரேரிப் பக்கத்தில இருந்து வாறது. மற்றது, அந்தக் காலத்தில கலந்த மணல். பெரியப்பா கொஞ்ச நேரம் கதைக்காமல் நிண்டுட்டுச் சொன்னார், தட்டுப் போடேக்க மாட்டு வண்டிலில கடற்கரை மணல் வந்து குவிஞ்சது தனக்கு ஞாபகம் எண்டு, அதில ஏறி விளையாடினவராம். அப்ப உப்பு வெளியில இருந்து வந்து ஒட்டினது மட்டுமில்லை, தட்டின்ர இரத்தத்திலயே இருக்கு.

இதுதான் முக்கியமான இடம், ஏனெண்டால் உப்பேறின கொங்கிறீட்டில ஒட்டுப் போட்டால் என்ன நடக்குமெண்டு எங்கட பாலமே காட்டுது. 2003இல பூசின பூச்சு அப்பிடியே இருக்கு, அதைச் சுத்தி ஒரு வட்டமாய்ப் புது வெடிப்பு. புதுப் பூச்சுக்குள்ள உப்பில்லை, பக்கத்துப் பழங்கொங்கிறீட்டில உப்பு இருக்கு, ஒரே கம்பி ரண்டுக்குள்ளாலயும் போகேக்க பற்றரி மாதிரி வேலை செய்து, எல்லையில இருக்கிற கம்பி முந்தினதை விட வேகமாய்க் கறள் பிடிக்கும். கறள் எண்டது இரும்பை விட ரண்டு மடங்கில இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் எடுக்கும், அது வீங்கி வீங்கிக் கொங்கிறீட்டை வெளியில தள்ளும், அப்பிடித்தான் என்ர தோளில விழுந்த பொருக்கும். நாகம், அதுதான் சிங்க் உலோகம், அந்தத் துண்டுகளைக் கம்பியோட சேர்த்துக் கட்டிக் கம்பிக்குப் பதிலாய் நாகத்தைக் கரைய விடுற முறையும் இருக்காம், பெரிய பாலங்களில செய்யினம், கம்பியில கன பங்கு மிஞ்சி இருந்தால் அது பிரயோசனம். எங்கட தட்டில நாங்கள் அளந்த ஒரு கம்பியில மிஞ்சினது அரைவாசிகூட இல்லை. அதுக்கு மேல பூசி மெழுகிறது எண்டால் சீமெந்துப் பாரத்தையும் சேர்த்து அந்த நோஞ்சான் கம்பியில தொங்க விடுறது. அதால நான் வயல்கார ஐயாமாருக்கு மரியாதையோட சொல்லுறன், இந்தத் தட்டைத் திருத்தேலாது.

அப்ப முழுசாய்ப் புதுப்பாலம்? இதிலதான் எனக்கும் பெடியளுக்கும் இன்னும் வாக்குவாதம். புதுப்பாலம் எண்டால் ஆசை எனக்கும் இருக்கு. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல திறந்தபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான், முந்திக் கேரதீவில பாதைக்கு, அதுதான் வாகனம் ஏத்திற மிதவைக்கு, காத்து நிண்ட மனுசன், 288 மீற்றரையும் நடந்து தாண்டிப்போட்டுத் திரும்ப நடந்தே வந்தவர். பாலமெண்டால் என்னெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் வட்டுவாகலையும் யோசியுங்கோ. முல்லைத்தீவு ஏ35 றோட்டில, எவ்வளவு சனம் போய் வாற பாலம், ஒடுங்கி இடிஞ்சு வருசக்கணக்காய்க் கிடந்து, 2025 வரவு செலவுத் திட்டத்திலதான் அதுக்கு 1000 மில்லியன் ஒதுக்கினவை. அது ஏ தர வீதி, மத்தியின்ர வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழ வாறது. எங்கட ஒழுங்கை ஏயும் இல்லை பீயும் இல்லை. சீ, டீ தரமெண்டால் மாகாணம், அதுவும் இல்லாட்டிப் பிரதேச சபை, வாய்க்கால் குளம் சம்பந்தமெண்டால் நீர்ப்பாசனம் இல்லாட்டிக் கமநலம். நான் ரண்டு மாசமாய் மூண்டு கந்தோர் ஏறி இறங்கினன், ஒவ்வொரு இடத்திலயும் மரியாதையாய்த்தான் கதைச்சினம், ஆனால் றோட்டு எங்கட, பாலம் அவையின்ர எண்டு ஒருத்தரை ஒருத்தர் காட்டிவிட்டினம். பாலம் ஆரின்ர பெயரில இருக்கெண்ட ஒரு துண்டுக் கடிதம் இல்லாமல் ஒரு இஞ்சினியரும் வந்து எஸ்டிமேற் போடேலாது, வெளிநாட்டுக் காசைக்கூடச் சட்டப்படி அதில போடேலாது. அந்தக் கடிதம் போன கிழமைதான் கையில கிடைச்சுது. அதைப் பெற்றுத் தந்த கிராம சேவையாளருக்கு ஊர் கடமைப்பட்டிருக்கு.

அகலமான பாலம் எண்டால் ரண்டு பக்க ஏத்தமும் அகலிக்கவேணும், ஒரு பக்கம் ஒரு ஆச்சியின்ர கிணறு, மற்றப் பக்கம் ரண்டு குடும்பத்தின்ர வயல் துண்டு. இந்த ரண்டு குடும்பமும் ஒருக்கால் இடம்பெயர்ந்து எல்லாத்தையும் விட்டுட்டுப் போய் வந்து திரும்ப அந்த நிலத்தைப் பண்படுத்தினவை, அவையிட்டப் போய் இன்னும் பத்தடி தாங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் வராது. இன்னொரு விசயம், கூட்டத்தில ரீச்சர் அக்கா சொன்னதை நான் அப்பிடியே ஏற்றுக்கொள்ளுறன்: அகலமாய்ப் பலமாய்ப் பாலம் போட்டால் முதல் வாறது பள்ளிக்கூட வான் இல்லை, மணல் ஏத்திற ரிப்பர் லொறி. இப்பவே இரவில மணல் ரிப்பர் இந்தப் பாலத்தால ஏறுது. ஒரு கியூப் மணல் எண்டால் 100 கன அடி, நாலரைத் தொன் அளவில வரும், ஈரமெண்டால் இன்னும் கூட. மூண்டு கியூப் ஏத்தினால் மணல் மட்டும் பதின்மூண்டரைத் தொன், ரிப்பரின்ர நிறையையும் சேர்த்தால் 20 தொன்னைத் தாண்டும். மாட்டு வண்டிலுக்கும் ஒஸ்ரின் காருக்கும் போட்ட தட்டு அது. கறள் ஒரு பக்கம் திண்டால், மற்றப் பக்கம் இதுதான் முறிச்சது.

அதால என்ர அபிப்பிராயம், காலை வைச்சுக்கொண்டு தட்டை மட்டும் மாத்திறது. 12 அடிக் கண்ணுக்குப் பெரிய விட்டம் ஒண்டும் தேவையில்லை, கம்பித் தட்டே போதும், அதையும் ஆத்துக்கு மேல நிண்டு கலந்து ஊத்தாமல், வேற இடத்தில நல்ல ஆத்து மணலில, கம்பிக்கு ரண்டு இஞ்சிக் கனத்துக்குக் குறையாமல் கொங்கிறீட் மூடக்கூடியதாய், துண்டு துண்டாய் வார்த்து, முறையாய்த் தண்ணி விட்டு இறுக்கி, கிறேனால தூக்கி வைக்கலாம். பழைய தட்டை எடுக்கிறது, புதுசை வைக்கிறது எல்லாம் சித்திரையில இருந்து ஆவணிக்குள்ள, ஆறு காய்ஞ்சிருக்கேக்க முடிக்கலாம். அகலத்தை ஒரு நாலடி கூட்டலாம், சைக்கிள் பிள்ளையள் ஒதுங்கி நிக்க. தண்ணிக்கு இப்ப இருக்கிற 144 சதுர அடியில ஒரு அடிகூடக் குறையாது. இடையில சனம் போய் வர ஒரு பெய்லிப் பாலம், துண்டு துண்டாய்ப் பூட்டிற இரும்புப் பாலம், கேட்டுப் பாக்கலாம் எண்டு பெடியள் சொன்னவை, டிட்வாக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் ஏ35இல இந்திய ஆமி இஞ்சினியர்மார் வந்து 120 அடிப் பெய்லி போட்டுக் குடுத்ததைப் பாத்துட்டுத்தான். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆறு காய்ஞ்ச நேரம் பக்கத்தால படுகையில கல்லுப் போட்டு ஒரு தற்காலிகப் பாதை வெட்டலாம், மாரிக்கு முந்தி அதைக் கட்டாயம் கிளறி எடுக்கவேணும், எடுக்காட்டி அதுவே அணையாய் நிண்டு தண்ணியை மறிக்கும்.

இது எல்லாம் ஒரு விசயத்தில தங்கி இருக்கு, அது நடுத்தூணின்ர அடி. உலகத்தில பாலங்கள் விழுறதுக்கு முதல் காரணம் கறளும் இல்லை பாரமும் இல்லை, வெள்ளம் வந்து அடிமண்ணை அரிக்கிறது. அண்டைக்கு நாங்கள் திரும்பி ஏறப் போகேக்க பெரியப்பான்ர கால் ஒரு இடத்தில புதைஞ்சுது. தூணின்ர மேல் பக்கம், தண்ணி வந்து மோதுற மூக்கில, சேறு மூடின ஒரு பள்ளம். மேலால பாத்தால் தெரியாது. ஒரு பூவரசந் தடியை இறக்கிப் பாத்தம், முழங்கைக்கு மேல போய்த்தான் கல்லுத் தட்டுப்பட்டுது. அது தாய்ப்பாறையோ, இல்லாட்டித் தூணின்ர அத்திவாரக் கல்லோ எண்டதுதான் முழுக் கேள்வியும். பாறையெண்டால் பயமில்லை, பள்ளத்தை நல்ல கனமான கல்லுப் போட்டு அடுக்கி விடலாம். அத்திவாரத்துக்குக் கீழாலயும் தடி போகுதெண்டால் நான் மேல எழுதின என்ர அபிப்பிராயத்தை நானே அழிச்சுப்போட்டு, பெடியளோட சேர்ந்து முழுப் பாலத்துக்கும் கையெழுத்து வைப்பன்.

அதுவரைக்கும் செய்யவேண்டியது பாரத்தைக் குறைக்கிறது, இதில ஆருக்கும் ரண்டாவது கருத்து இருக்கக்கூடாது. ரண்டு பக்கமும் கம்பித் தூண் நட்டு ஓட்டோ, கார், லான்ட்மாஸ்டர் எண்ட சின்ன ரக்ரர் மட்டும் நுழையக்கூடிய அகலம் விடுவம் எண்டு தீர்மானிச்சிருக்கு, சபையிட்ட அனுமதிக் கடிதமும் குடுத்தாச்சு. மேல குறுக்குக் கம்பி போடுவம் எண்டு முதலில கதைச்சதை விட்டுட்டம், அம்புலன்ஸ் உயரத்துக்குத் தட்டும், தட்டு மாத்தின பிறகு அம்புலன்ஸ் இந்தப் பக்கம் கட்டாயம் வரவேணும். வயல்காரருக்கு நெல்லு வெட்டுற மிஷின்தான் கவலை. இந்த முறை லொறியில இருந்து மிஷினை இந்தக் கரையில இறக்கி, ஆறு வத்தின இடத்தால வயலுக்குள்ளால நடத்திக்கொண்டு போனவை, ஒரு மணித்தியாலம் கூடுதலாய் எடுத்துது, கூலியும் கூடத்தான். அந்தக் கூடின கூலியை ஊர்ப் பொதுக் காசில இருந்து குடுக்கவேணும் எண்டு நான் கேட்டிருக்கிறன், ஏனெண்டால் பாலம் எல்லாருக்கும் பொது, நட்டம் மட்டும் வயல்காரருக்கு எண்டு விடேலாது.

வாற ஞாயிறு காலமை 7 மணிக்குத் திரும்ப இறங்கிறம். மருமகள் தன்ர கம்பஸில இருந்து ஒரு விரிவுரையாளரைக் கேட்டிருக்கிறாள், வருவார் போலத்தான் இருக்கு. தூணைச் சுத்தி ஒவ்வொரு அடிக்கும் கம்பி இறக்கி ஆழம் எழுதவேணும், அதுக்குச் சேற்றைக் கிளற ஒரு அஞ்சாறு பேர் தேவை. மண்வெட்டி, அலவாங்கு இருக்கிற ஆக்கள் கொண்டு வாங்கோ, நீள ரேப் ஒண்டு என்னட்ட இருக்கு. தேத்தண்ணியும் ரொட்டியும் ரீச்சர் அக்கா வீட்டில. பெரியப்பா இந்த முறை கீழ இறங்கமாட்டன் எண்டு பெரியம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறார், மேல நிண்டு கொப்பியில எழுதுவார்.